சொல்லும் அதன் பயன்பாடும்

இடைநிலைப்பள்ளியில் மேற்படிவங்களுக்குச் செல்லச் செல்ல, ஆங்கிலப் பாடத்தில் அருஞ்சொற்கள் பெருகுகின்றன. அச்சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ச்சொல்லை எழுதி மனனம் செய்யும் பழக்கம் மாணவர் பலரிடம் உண்டு. இம்முறையில் சொல் நினைவில் நிற்கலாம். ஆனால், தேர்வில் கட்டுரை எழுதும்போது அது சரியாகக் கைகொடுக்குமா?

'நொட்டோரியஸ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இதற்குப் 'பெயர்பெற்ற' என்று மட்டும் குறித்து வைத்த மாணவர், பினாங்குப் பாலத்தை அச்சொல்லால் வருணித்துவிடக்கூடும். தீய செயலாலோ கெட்ட பண்பாலோ பலராலும் அறியப்பட்ட என்பதே அதன் முழுமையான விளக்கம். வழிப்பறிக்குப் பெயர்போன சாலை ஒன்றைப் பற்றிய எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அச்சொல்லைக் கண்டிருந்தால், இத்தவறு நேர்ந்திருக்காது.

'ரிலக்டன்ட்', 'ஹெசிடன்ட்' ஆகிய இரண்டையும் தமிழில் 'தயங்குகிற' எனலாம். எனினும், அவை ஒன்றல்ல. நண்பனின் தவற்றைச் சொல்ல மனமில்லாமல் நிற்பவனுக்கு முதற்சொல் பொருந்தும். தன் விடை சரியோ தவறோ என்ற ஐயத்தால் கையை உயர்த்தத் தயங்குபவனுக்கு இரண்டாம் சொல் பொருந்தும். முன்னது விருப்பமின்மை, பின்னது உறுதியின்மை.

மேலும், சில சொற்கள் சில சொற்களோடுதான் இணைந்து வரும். தமிழில் பூவைப் பறிக்கிறோம், நெல்லை அறுக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம். விளக்கை ஏற்றுகிறோம்; அடுப்பை மூட்டுகிறோம். இவற்றை நாம் விதியாகப் படிக்கவில்லை. வீட்டில் கேட்ட வாக்கியங்களிலிருந்தே கற்றுக்கொண்டோம். ஆங்கிலத்தில் பலத்த காற்றை 'ஸ்ட்ராங் விண்ட்' என்பர். பலத்த மழையையோ 'ஹெவி ரெயின்' என்பர். இவ்வழக்கை எடுத்துக்காட்டு வாக்கியங்களே நமக்கு உணர்த்தும்.

இத்தேவையை அகராதி ஆசிரியர்களும் உணர்ந்திருந்தனர். வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியில் 1490 எளிய சொற்களைக் கொண்டே மற்றச் சொற்களை விளக்கினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, சொல்லை வாக்கியத்தில் கையாளும் முறையைக் காட்டும் அகராதியை 1942ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் உருவாக்கினார். அதனை ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக அச்சகம் 1948ஆம் ஆண்டில் வெளியிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் ஆக்ஸ்ஃபர்ட் உயர்நிலை மாணவர் அகராதி அதன் வழிவந்ததே.

தமிழுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. முற்காலத்தில் மாணவர்கள் செய்யுள் வடிவிலான நிகண்டுகளை மனனம் செய்தனர். வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் தொகுத்த சதுரகராதி, சொற்களை அகரவரிசையில் தேட வழிவகுத்தது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, விளக்கத்துடன் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தந்தது.

புதிய ஆங்கிலச் சொல் ஒன்றைக் கற்கும்போது பின்வரும் படிகளைப் பின்பற்றுக:

1. சொல்லைப் படித்த இடத்திலேயே அதன் பொருளை ஊகித்திடுக.
2. அகராதியில் உள்ள விளக்கத்தைப் படித்து, உமது ஊகத்தோடு ஒப்பிடுக.
3. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அச்சொல்லுடன் இணைந்து வரும் சொற்களைக் குறித்துக்கொள்க.
4. உமது வாழ்க்கையோடு தொடர்புடைய வாக்கியம் ஒன்றை எழுதி, ஆசிரியரிடம் காட்டுக.
5. சில நாள்களுக்குப் பின், குறிப்பைப் பாராமல் மீண்டும் ஒரு வாக்கியம் அமைத்திடுக.

வீட்டில் நல்ல அகராதி இல்லையென்றால் கவலை வேண்டா. செபராங் ஜெயாவில் உள்ள பொது நூலகம் போன்ற இடங்களை நாடலாம். நாளுக்கு ஐம்பது சொற்களை மனனம் செய்து மறப்பதைவிட, மூன்று சொற்களை ஆளக் கற்பது மேல். நாம் சொல்ல நினைத்ததைப் பிறர் அவ்வாறே புரிந்துகொள்ளும்போதுதான் ஒரு சொல் நமக்கு உரியதாகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல்லை மட்டும் எழுதி மனனம் செய்வதால் ஏற்படும் சிக்கல் யாது?
2. 'ரிலக்டன்ட்', 'ஹெசிடன்ட்' ஆகியவற்றின் வேறுபாட்டை உமது சொந்தச் சூழல்களைக் கொண்டு விளக்குக.
3. பூவைப் பறித்தல், நெல்லை அறுத்தல் போன்று தமிழில் இணைந்து வரும் சொற்களுக்கு மேலும் மூன்று எடுத்துக்காட்டுகள் தருக.