கண்புரை: முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா?

எமது பூசைக்குத் தவறாது வரும் ஒரு மூதாட்டி, சில மாதங்களாகச் செபப்புத்தகத்தைக் கையில் வைத்திருப்பாரே அன்றித் திறப்பதில்லை. கேட்டால், "வயது போனால் இதுதானே சுவாமி" என்பார். பிள்ளைகளுக்குச் செலவும் அலைச்சலும் வைக்கக்கூடாதென்று வீட்டிலும் வாய் திறக்கவில்லை. கிணற்றுக்கட்டில் தடுக்கி விழுந்து கை முறிந்த பின்புதான், இரு கண்ணிலும் புரை முற்றியிருப்பது தெரியவந்தது. வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் பேசாதிருக்கக்கூடும்.

கண்புரை என்பது கண்ணின் மேல் படரும் தோல் என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். தோபித்துவின் கண்களிலிருந்து வெண்படலம் உரிந்து வந்ததை வேதாகமத்தில் வாசித்ததும் இதற்குக் காரணமாகலாம். அவருக்கு நேர்ந்தது எதுவாயினும், புரை வெளியே இருப்பதன்று. கண்மணிக்குப் பின்னால் பளிங்கு போன்ற ஒரு வில்லை இருக்கிறது. ஒளியை விழித்திரையில் குவிப்பது அதன் வேலை. வயது ஏற ஏற அதிலுள்ள புரதம் திரைந்து மங்குகிறது. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது புகை படிந்த லாம்புச் சிமினியூடாகப் பார்ப்பது போலிருக்கும். இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் கூசும். நோவு இராது, அதனால்தான் பலர் காலந்தாழ்த்துகின்றனர்.

சலரோகம், புகைத்தல், கண்ணிற்பட்ட அடி, நெடுநாள் எடுத்த ஸ்டீரொயிட் மருந்து ஆகியனவும் புரையை முந்தி வரச் செய்யும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உண்டு. குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். பார்க்கப் பழகும் பருவத்தில் ஒளி புகாத கண், பின்னர் முழுமையாகப் பழகிக்கொள்வது அரிது.

தேனோ, தாய்ப்பாலோ, இலைச்சாறோ, கடையில் விற்கும் துளிமருந்தோ புரையைக் கரைக்காது. சாறு விட்டுக் கருவிழியைப் புண்ணாக்கிக்கொள்வதே மிச்சம். சத்திரசிகிச்சை ஒன்றே வழி.

"நன்றாய் முற்றட்டும்" என்று முன்பு வைத்தியர்களே சொன்னதுண்டு. அக்காலத்தில் மங்கிய வில்லையை எடுத்தால் அவ்விடத்தில் வைக்க ஒன்றுமில்லை; போத்தல் அடி போன்ற தடித்த மூக்குக்கண்ணாடிதான் கதி. லண்டனில் ஹரல்ட் றிட்லி என்ற வைத்தியர், போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பிளாஸ்ரிக் துண்டுகள் கண்ணை உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்து, 1949இல் அதே வகைப் பொருளில் வில்லை செய்து கண்ணுக்குள் பொருத்தினார். சக வைத்தியர்கள் பலர் அவரை எதிர்த்தனர். இன்று உலகெங்கும் நடப்பது அதுவே. கண்ணை மாத்திரம் விறைக்கச் செய்து, சிறு கீறலூடாகப் புரையை நொறுக்கி உறிஞ்சியோ முழுதாய் வெளியே எடுத்தோ, புதிய வில்லையை வைப்பர். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துள் முடிந்துவிடும். ஆகவே முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால் அதுவே வேளை. மிக முற்றிய புரை வைத்தியருக்கும் சிரமம்.

அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் கண் பிரிவு உண்டு. வில்லை பற்றி முன்கூட்டியே கேட்டறியுங்கள். எடுக்கும் மருந்துகள் யாவையும் சொல்லுங்கள். ஆண்கள், சிறுநீர்த் தடைக்கு எடுக்கும் குளிசையை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அது கண்மணியைச் சுருங்கச் செய்து சிகிச்சையைக் கடினமாக்கும்.

மங்கலெல்லாம் புரையென்று வீட்டிலிருந்தே தீர்மானிப்பதும் தவறு. கண் அழுத்த நோயினால் இழந்த பார்வை மீளாது. அதை முன்னதாகக் கண்டுபிடிக்கவேனும் பரிசோதனை வேண்டும்.

சிகிச்சையின் பின் சில வாரம் துளிமருந்து விடவேண்டும். கண்ணைக் கசக்கலாகாது; தண்ணீர் படவிடலாகாது. நோவு, சிவப்பு, பார்வைக் குறைவு கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிலருக்குக் காலம் செல்ல வில்லையின் பின்னுள்ள மெல்லிய உறை மங்கும். புரை திரும்பி வந்ததென்று பயப்பட வேண்டாம்; லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்வர்.

மூதாட்டிக்கு ஒரு கண் முடிந்தது. மற்றக் கண்ணுக்குத் தவணை அடுத்த மாதம்.