கோயிலைத் திறந்தாயிற்று, ஆட்கள் எங்கே?

கொரோனா ஊரடங்கைத் தளர்த்தி, 2020 செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் திறக்கலாம் என்று அரசு அறிவித்ததும் எங்கள் பங்குப் பேரவையில் நடந்த முதல் வாக்குவாதம் பாயைப் பற்றியது. தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்துக் கோயில் எங்களுடையது. முடியாதவர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரைதான். பாயை விரித்துவிட்டால் யார் சொன்னாலும் இடைவெளி நிற்காது, தெரிந்த முகம் வந்ததும் நகர்ந்து இடம் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் பாய்களைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுத் தரையில் வட்டம் வரைந்தோம். அவரவர் துண்டு கொண்டுவந்து விரித்து உட்கார்ந்தார்கள்.

திருவழிபாட்டுக் குழுவில் இருந்து அந்தக் காலத்தைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வட்டம், மாஸ்க், வாசலில் காய்ச்சல் பார்ப்பது எல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. ஆட்களைத் திரும்ப வரவழைப்பதுதான் பெரிய வேலை. அதற்கு அறிவிப்புப் பலகை போதாது.

ஏற்பாடுகளில் ஒன்றிரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். சானிடைசரில் இருப்பது ஆல்கஹால். அந்த ஈரக் கையோடு நேரே கெபிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களைத் தடுக்கத் தனியாக ஆள் போட வேண்டியிருந்தது. வாசலில் குழாயும் சோப்பும் வைத்ததே மேல். காணிக்கைப் பையைக் கைமாற்றாமல் உண்டியலை வாசலில் வைத்தோம். வருமானம் படுத்துவிட்டது என்பது உண்மை. ஆனால் மாதாமாதம் வரவுசெலவை எழுதி ஒட்டிய பிறகு, யாரும் கேட்காமலே கொடுத்தார்கள்.

நற்கருணை வாங்குவதில்தான் சிக்கல். கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியாயிற்று. காலமெல்லாம் நாக்கில் வாங்கிப் பழகிய ஒரு பாட்டி நேரே கேட்டார்: "கையால தொடப்பிடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதான சாமி?" பங்குத்தந்தை விவாதம் செய்யவில்லை. முதல் நற்கருணை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதைப் போல, அர்ச்சிக்காத அப்பத்தை வைத்துப் பெரியவர்களுக்கும் செய்துகாட்டச் சொன்னார். இடது கை மேலே, வலது கை கீழே. வாங்கிய பிறகு வலது கையால் எடுத்து அங்கேயே உட்கொள்ள வேண்டும். மாஸ்க்கை எப்போது இறக்குவது என்று நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காதில் மாட்டிய கயிற்றோடு போராடினார்கள். கடைசி வட்டத்தில் நிற்கும்போதே இறக்கிவிடுங்கள் என்று ஒரு பிள்ளையை நிறுத்திச் சொல்லவைத்ததும் சரியாகிவிட்டது. அந்தப் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது அவருடைய பேத்திதான்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 10 வயதுக்குக் கீழுள்ளவர்களும் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொன்னது. தினப்பூசைக்கு வருகிறவர்களே அந்த 65க்கு மேற்பட்டவர்கள்தானே! பாடகர் குழுவும் கூடாது, பதிவுசெய்த பாட்டைப் போடலாம் என்றார்கள். ஸ்பீக்கரில் ஓடும் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒத்துவராத காரியம். மாஸ்க்குக்குள் முணுமுணுத்தார்கள், நாங்களும் கண்டுகொள்ளவில்லை.

யூடியூபில் திருப்பலி ஒளிபரப்பை நிறுத்தினால்தான் ஆட்கள் வருவார்கள் என்று பேரவையில் சிலர் வாதாடினார்கள். எந்த ஒளிபரப்பும் நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்று திருவழிபாட்டுப் பேராயத் தலைவர் கர்தினால் ராபர்ட் சாரா 2020 ஆகஸ்ட் 15 தேதியிட்ட கடிதத்தில் எழுதியதையும் எடுத்துக்காட்டினார்கள். கர்தினால் சொன்னது சரிதான். ஆனால் எங்கள் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் கப்பலில் இருந்த பையன்களும் வளைகுடாவில் இருந்தவர்களும் படுக்கையில் கிடந்தவர்களும். சோம்பேறிகளை வரவழைக்கிறேன் என்று இவர்களுக்கு மூடுவது நியாயமில்லை. ஒளிபரப்பு தொடர்ந்தது. செல்போன் ஸ்டாண்டை மட்டும் பீடத்துக்கு முன்னாலிருந்து எடுத்துப் பின்சுவர் ஓரமாக வைத்தோம்.

இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மக்களை அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவு. ஞாயிறு இல்லாத கோயில்! திங்கள் முதல் வியாழன் வரை ஒவ்வொரு நாளையும் சில அன்பியங்களுக்கு, அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழுக்களுக்கு, பிரித்துக் கொடுத்தார் பங்குத்தந்தை. வேறு வழியில்லாமல் செய்த இந்த ஏற்பாடுதான் எங்களுக்குப் பெரிய உதவி. ஞாயிற்றுக் கூட்டத்தில் யார் வரவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. ஓர் அன்பியத்துக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது இல்லாத வீடு பளிச்சென்று தெரிந்தது.

அந்த வீடுகளுக்குப் போனோம். நோய்க்குப் பயந்து வராதவர்கள் குறைவு. சாவு விழுந்த வீடுகள்தான் அதிகம். அடக்கத்துக்கு ஆள் வராமல், கோயிலுக்குள் உடலைக் கொண்டுவராமல், முப்பதாம் நாள் பூசைக்கு உறவு கூடாமல் முடிந்துபோன சாவுகள். "எங்க வீட்டு ஆளைக் கோயில்ல வைக்க முடியல, இப்ப நாங்க மட்டும் வரணுமாக்கும்?" என்றார் ஓர் அண்ணன். அவருக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது.

சொல்லவும் முயலவில்லை. 2020இல் கல்லறைகளில் கூட்டம் சேரக்கூடாது என்று, இறந்தோருக்கான பரிபூரண பலனை நவம்பர் மாதம் முழுவதற்கும் நீட்டித்திருந்தது வத்திக்கான். மறு ஆண்டும் அப்படியே நீட்டித்தார்கள். அதை வைத்து 2021 நவம்பரில் நாளுக்குச் சில குடும்பங்கள் என்று முறைபோட்டோம். கல்லறையை மந்திரித்து, இறந்தவர் பெயரைச் சொல்லித் திருப்பலி வைத்து, முடிந்ததும் காப்பி கொடுத்து, அவசரமில்லாமல் பேசவிட்டோம். அந்த அண்ணன் வந்தார். அடுத்த வாரமும் வந்தார்.

பிள்ளைகள் தனிக் கதை. பீடச்சிறுவர்களின் அங்கி கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது, மணியடிக்கத் தெரிந்தவன் கல்லூரிக்குப் போய்விட்டான். முதல் நற்கருணைக்கு இரண்டு வருடத்துப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பெரிய விழாவாக ஒரே நாளில் முடித்துவிடத் துடித்தார்கள் பெற்றோர். சிறு சிறு குழுவாக வைத்தோம், அதுவே நல்லது. புதுச்சட்டைச் செலவும் பந்திச் செலவும் குறைந்ததில், வேலையில்லாமல் கிடந்த குடும்பங்கள் மூச்சுவிட்டன.

அந்த நாட்களில் விட்டுப்போனவர்கள் எல்லாரும் இன்னும் திரும்பிவிடவில்லை. உங்கள் பங்கிலும் அப்படித்தான் இருக்கும். அடுத்த அன்பியக் கூட்டத்துக்குப் போகும்போது 2020 மார்ச்சுக்கு முந்தைய பதிவேட்டையும் எடுத்துப் போங்கள். இப்போது வராத பெயர்களைக் குறித்துக்கொண்டு இருவர் இருவராகப் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிடாதீர்கள். அந்த வீட்டில் யாரெல்லாம் நலமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.