உறைந்த ஏரியில் ஒரு நகரும் குடில்

நீர் 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்தான் மிக அதிக அடர்த்தி உடையது என்று நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் அந்த ஒரு விதியை நம்பி மக்கள் ஏரியின் நடுவிலே குடில் போட்டு, அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் தோழியர் நம்புவீர்களா?

வட அமெரிக்காவில் மின்னசோட்டா என்றொரு மாநிலம் உண்டு. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் அங்கே 11,842 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும்; நீர் முழுவதும் 4 டிகிரியை அடைந்தபின் அதற்கு மேலும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலேயே தங்கி உறையும். ஆகவே ஏரிக்கு மேலே பனிக்கட்டிக் கூரை, அடியில் உறையாத நீர், அந்த நீரில் உயிரோடு மீன்கள். பனிக்கட்டியில் 8 அல்லது 10 அங்குல அகலத்தில் ஒரு துளையிட்டுத் தூண்டிலை இறக்கினால் வால்ஐ, பெர்ச் முதலிய மீன்கள் கிடைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிர்காற்றில் திறந்த வெளியில் உட்கார முடியாதல்லவா? அதற்காகத்தான் குடில்.

குடிலின் சுவரையும் கூரையையும் பற்றி நாங்கள் அதிகம் எழுதப் போவதில்லை. நான்கு பலகையும் ஒரு கதவும் இருந்தால் சுவர் எழும்பிவிடும். அறிவுக்கு வேலை கொடுப்பது குடிலுக்கு அடியிலே இருக்கும் தளம். ஏனெனில் இந்த வீடு ஓரிடத்தில் நிற்கக் கூடாத வீடு. மீன் இடம் மாறினால் வீடும் மாற வேண்டும். பனிக்கட்டியில் விரிசல் கண்டால் உடனே விலக வேண்டும். வசந்தம் வருமுன் சட்டப்படி ஏரியை விட்டே வெளியேற வேண்டும். நகராத குடில் என்றாவது ஒரு நாள் ஏரியின் அடிக்குத்தான் போய்ச் சேரும்.

வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் சறுக்குத் தளத்தையே விரும்புகிறார்கள். 6 அடி அகலம், 8 அடி நீளம் உள்ள ஒரு சிறு குடிலை எடுத்துக்கொள்வோம். 2 அங்குலக் கனமும் 6 அங்குல உயரமும் கொண்ட இரண்டு நீண்ட மரச்சட்டங்களைக் குத்தாக நிறுத்தி, அவற்றின் இரு முனைகளையும் படகின் மூக்கைப் போல மேல்நோக்கிச் சரித்து அறுக்கிறார்கள். இவையே சறுக்குக் கட்டைகள். முன்முனை மட்டும் சரிந்தால் போதாதா என்று கேட்கலாம். முன்னால் இழுக்க இடமில்லாமல் பின்பக்கமாக இழுக்க வேண்டிய நாளும் வரும். ஆகவே இரு முனைகளும் சரிய வேண்டும், இரு முனைகளிலும் கொக்கியும் வேண்டும்.

இரண்டு கட்டைகளையும் சுமார் 2 அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கின்றன. இங்கே ஆணியை நம்பக் கூடாது. வண்டி வெடுக்கென்று இழுக்கும்போதெல்லாம் ஆணி சிறிது சிறிதாகப் பிடுங்கிக்கொண்டு வரும். எனவே போல்ட்டும் நட்டும் வாஷரும் போட்டு முறுக்குகிறார்கள். பிறகு மூலைக்கு மூலை ஒரு சாய்வுச் சட்டம். நான்கு பக்கச் சட்டம் சாய்சதுரமாக நெளியும், முக்கோணம் நெளியாது என்று வடிவியல் வகுப்பில் கற்றது இங்கே உதவிக்கு வருகிறது. இழுசங்கிலியை ஒரே கட்டையில் கட்டாமல் இரண்டிலும் கட்டி நடுவில் சேர்ப்பார்கள். இழுக்கும் இடம் தாழ்வாக இருக்க வேண்டும். உயரத்தில் கட்டினால் மூக்கு பொழிபனிக்குள் குத்திக்கொள்ளும்.

இனி, கட்டையின் அடிப்பகுதி. வெறும் மரம் ஈரத்தை உறிஞ்சி உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் எஃகுப் பட்டையோ பாலிஎதிலீன் பட்டையோ அடியில் அடிக்கிறார்கள். பலர் சுமார் 4 அங்குல அகலமுள்ள பலகை ஒன்றை அடியில் சேர்த்து, அதன்மேல் பட்டையைப் பொருத்துவர். அகலம் ஏன்? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. குடிலின் எடை 200 கிலோ என்றும், ஒவ்வொரு கட்டையும் 7 அடி நீளத்துக்குத் தரையைத் தொடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இழைத்த மரத்தின் கனம் சுமார் 3.8 செ.மீ.தான். அப்போது ஒரு சதுர செ.மீ. பரப்பில் ஏறக்குறைய 0.12 கிலோ எடை விழும். அடியை 10 செ.மீ. அகலமாக்கினால் அது 0.05 கிலோவுக்கும் கீழே குறைகிறது. நம்மில் ஒருத்தி இரண்டு காலையும் ஊன்றி நின்றாலே இதைப்போல் மூன்று மடங்கு அழுத்தம் தருவாள்! ஆகவே அகன்ற கட்டை பொழிபனியில் புதையாமல் வழுக்கிச் செல்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அகன்ற கட்டை, கட்டையின் அடியிலுள்ள பொழிபனிக்குத்தான் மருந்து. பனிக்கட்டி உடையாமல் இருப்பதற்கு அது மருந்தாகாது. உறைந்த ஏரி ஒரு பெரிய மிதக்கும் பலகை போன்றது. அதற்கு முக்கியம் குடிலின் மொத்த எடையும் பனிக்கட்டியின் கனமும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் 0.917 பங்கு. அதாவது 30 செ.மீ. கனமுள்ள பனிக்கட்டியில் சுமார் 2.5 செ.மீ. மட்டுமே நீருக்கு மேலே தெரியும். அந்தப் பனிக்கட்டி ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 25 கிலோவைத் தாங்கினால் மேல்மட்டம் நீர்மட்டத்துக்கு வந்துவிடும். நம் குடிலோ சதுர மீட்டருக்கு சுமார் 45 கிலோ ஏற்றுகிறது. குடிலின் அளவுக்கே பனிக்கட்டியை வெட்டித் தனியாக மிதக்கவிட்டால், குடிலோடு சேர்ந்து அது மூழ்கியே போகும்! அப்படியானால் உண்மையில் குடிலைத் தாங்குவது எது? சுற்றிலும் உள்ள பனிக்கட்டி. அது ஒரே தகடாக வளைந்து எடையைப் பகிர்ந்துகொள்கிறது. எனவேதான் விரிசல் ஓரத்தில் குடிலை நிறுத்துவது ஆபத்தாகிறது. அங்கே பகிர்ந்துகொள்ள ஒரு பக்கத்தில் ஆளே இல்லை.

பனி பொழிந்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. புதிதாய்ப் பொழிந்த 10 அங்குலப் பனி, தன் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீருக்குச் சமம். அதாவது சதுர மீட்டருக்கு அதே 25 கிலோ. அது ஏரி முழுவதும் விழுவதால் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை. பனிக்கட்டி சற்றே தாழ, துளைகள் வழியாகவும் விரிசல் வழியாகவும் நீர் மேலேறிப் பொழிபனியோடு கலந்து சேறு போலாகும். இரவில் அந்தச் சேறு உறைந்தால் சறுக்குக் கட்டைகள் சிமெண்டில் பதித்ததுபோல் சிக்கிக்கொள்ளும். வண்டியைக் கட்டி வேகமாக இழுத்தால் குடில் வராது. கொக்கிதான் பிய்த்துக்கொண்டு வரும்.

இதற்கு அங்குள்ளவர்கள் செய்யும் உபாயம் மிக எளியது. குடிலை நிறுத்தியதும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகளுக்கு அடியில் நான்கு மூலைகளிலும் மரத்துண்டுகளைச் செருகுகிறார்கள். உறைந்தால் மரத்துண்டு உறையட்டும், சறுக்குக் கட்டை தப்பிக்கும். அடுப்பின் சூடு நேராகப் பனிக்கட்டியில் படாமல் தளத்துக்கும் பனிக்கட்டிக்கும் இடைவெளியும் கிடைக்கும். சிலர் காற்று புகாமலிருக்கப் பொழிபனியைச் சுற்றிலும் அணைத்து வைப்பார்கள். காற்று நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பனி உருகி உறைந்தால் அதையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். மரத்துண்டுகளை எடுக்காமல் விட்டுப் போவது அங்கே குற்றம். பின்னால் பனிமோட்டார் வண்டியில் வருபவர் அவற்றின்மேல் மோதலாம். பனி உருகினால் அவை ஏரிக்குக் குப்பையாகும்.

சறுக்குத் தளத்துக்கு ஒரு குறை உண்டு. சாலையில் கொண்டுபோக அதை வேறொரு வண்டிமேல் ஏற்ற வேண்டும். ஆகவே கொஞ்சம் வெல்டிங் தெரிந்தவர்கள் இரும்புச் சட்டத்தில் சக்கரம் வைத்துச் செய்கிறார்கள். இதில் சக்கரம் நிலையாக இருப்பதில்லை. ஒவ்வொரு சக்கரமும் கீல் போல் அசையும் ஒரு கையில் மாட்டப்பட்டிருக்கும். சாலையில் கை கீழே இறங்கி வண்டியைத் தூக்கி நிறுத்தும். அப்போது சட்டத்தின் துளை வழியாக ஓர் இரும்பு முளையைச் செருகிப் பூட்டுவர். ஏரியை அடைந்ததும் முளையை உருவிக் கைச்சுற்று வின்ச்சை மெதுவாகத் தளர்த்தினால், சக்கரங்கள் மேலே போகக் குடில் பனிக்கட்டியின்மேல் படிந்து உட்காரும். இதுவே கவனம் மிக வேண்டிய நேரம். குடிலின் முழு எடையும் அந்தக் கைப்பிடியில் இருக்கிறது. பிடி நழுவினால் கைப்பிடி வெறிகொண்டதுபோல் சுழன்று மணிக்கட்டையே முறித்துவிடும். பிரேக் உள்ள வின்ச்சுக்குச் சிறிது கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவைச் சுருக்குபவர் கெட்டிக்காரர் அல்லர் என்பது எங்கள் கருத்து.

இவ்வளவையும் இழுத்துச் செல்லப் பனிக்கட்டி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? மின்னசோட்டா இயற்கை வளத் துறை சொல்லும் அளவுகள் இவை: நடந்து செல்ல 4 அங்குலம்; பனிமோட்டார் வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம்; சிறிய காருக்கு 9 முதல் 10 அங்குலம்; சக்கரக் குடிலை இழுக்கும் கனரக வண்டிக்கு 20 அங்குலத்துக்கு மேல். இவை புதிதாய் உறைந்த தெளிவான பனிக்கட்டிக்கு உரியவை. பொழிபனி கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டியானால் இரண்டு மடங்கு கனம் வேண்டும். நிறுத்திய வண்டிக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டுவைக்கலாம் என்றும் அத்துறை கூறுகிறது. துளையில் நீர் பொங்கி வழிந்தால் பனிக்கட்டி தாழ்கிறது, வண்டியை நகர்த்த வேண்டும் என்று பொருள். நாம் மேலே போட்ட கணக்கை அந்தத் துளையே போட்டுக் காட்டிவிடுகிறது!

அளவு சரியாக இருந்தாலும் காற்று சும்மா இருப்பதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், அந்த மாநிலத்தின் வடக்கே உள்ள மேல் ரெட் ஏரியில் ஒரு பெரும் பனிக்கட்டிப் பாளம் கரையிலிருந்து பிரிந்துபோய், நூற்றுக்கும் மேற்பட்டோர் அதன்மேல் சிக்கிக்கொண்டார்கள். மீட்புக் குழுவினர் அனைவரையும் கரை சேர்த்தனர். அந்தக் குளிர்காலம் அங்கே வழக்கத்துக்கு மாறாக மிக வெதுவெதுப்பாய் இருந்தது. அத்தகைய ஆண்டுகளில் இலேசான சறுக்குக் குடிலே நல்லது. அதை ஆட்களே இழுத்துவிடலாம், கார் தேவையில்லை. கனத்த சக்கரக் குடில் வைத்திருப்பவர் அதை வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தளம் பனிக்கட்டியில் படிந்து உட்காரும்போது குடிலுக்குள் காற்று புகும் வழியும் அடைபடுகிறது. உள்ளே அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆதலால் தாழ்வாக ஒன்றும் உயரமாக ஒன்றும் காற்றுத் துளைகள் விட வேண்டும். அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம் வேண்டும்.

இரவில் ஏரியில் விடப்படும் குடிலுக்கு உரிமம் வேண்டும். உரிமையாளரின் அடையாளமும் ஒளியைத் திருப்பும் பட்டையும் வெளியே தெரிய வேண்டும். மார்ச் முதல் திங்கட்கிழமைக்குள் தென்பகுதி ஏரிகளிலிருந்தும், மூன்றாம் திங்கட்கிழமைக்குள் வடபகுதி ஏரிகளிலிருந்தும் குடில்கள் அகற்றப்பட வேண்டும். அந்த நாள் நெருங்கும்போது பகலில் மேலே நீர் நிற்கும், இரவில் அது உறையும். அதிகாலையில், நீர் கசியத் தொடங்குமுன், ஜாக்கி வைத்து மூலைக்கு மூலை சிறிது சிறிதாகத் தூக்கி, மரத்துண்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டு, மெதுவாகக் கரைக்கு இழுத்து வருவார்கள். வீட்டுக் கொல்லையில் மண் படாமல் உயர்த்தி வைத்து, போல்ட்டுகளை மீண்டும் முறுக்கி, சக்கரக் கீல்களுக்குக் கிரீஸ் இட்டு, தேய்ந்த அடிப்பட்டை எது என்று புரட்டிப் பார்ப்பார்கள். அடுத்த டிசம்பருக்குள் அதை மாற்றியாக வேண்டும்.