ஆங்கிலப் பாடம்: ‘டிரா’ என்னும் வினைச்சொல்

சங்கத்திலும் வங்கியிலும் நாம் கையொப்பமிடும் தாள்களில் ஆங்கிலச் சொற்கள் இன்றும் பலவாக உள்ளன. பொருளறியாது கையொப்பமிடுதல் அங்கத்தினருக்கு அழகன்று. அதனால் கைப்பொருளுக்கும் கேடு நேரலாம். ஆதலின், அத்தாள்களில் அடிக்கடி காணப்படும் ‘டிரா’ என்னும் வினைச்சொல்லை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. வேர்ப்பொருள்

இச்சொல்லின் அடிப்படைப் பொருள் ‘இழு’ என்பதாகும். இறந்தகாலத்தில் ‘டிரூ’ எனவும், செயப்பாட்டு வினையில் ‘டிரான்’ எனவும் உருமாறும். மாடு வண்டியை இழுப்பதும், கிணற்றினின்று நீர் இறைப்பதும், கோடிழுத்துப் படம் வரைவதும் ‘டிரா’வே. கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த நம் திருமானூர்ப் பகுதி உழவர்கள் மோட்டாரால் நீர் இறைக்குங்கால் கிணற்றின் நீர்மட்டம் தாழக் காண்பர். அத்தாழ்வுக்கு ‘டிராடவுன்’ என்று பெயர். பாவு நூலை இழையிழையாக விழுதிலும் அச்சிலும் கோத்து இழுக்கும் நெசவாளர் வேலை ‘டிராயிங் இன்’ எனப்படும். மேசையின் ‘டிராயர்’ இழுத்துத் திறக்கப்படுவது. நாமும் அதனை இழுப்பறை என்றே வழங்குகிறோம்.

2. பணம் எடுத்தல்

கணக்கிலிருந்து பணத்தை வெளியே இழுப்பதால் பணம் எடுத்தலும் ‘டிரா’ ஆயிற்று. போட்டதைத் திரும்ப எடுப்பது ‘வித்டிரா’; இருப்புக்கு மேல் எடுப்பது ‘ஓவர்டிரா’.

நெசவாளர் சங்கங்கள் பெறும் காசுக்கடனில் ‘லிமிட்’, ‘டிராயிங் பவர்’ என இரு சொற்கள் வரும். முன்னது வங்கி அனுமதித்த உச்சவரம்பு. பின்னது இன்று உண்மையாக எடுக்கத்தக்க தொகை. எடுத்துக்காட்டாக, உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். கையிருப்பிலுள்ள நூலும் துணியும் 8 லட்சம் பெறும். அதில் நூற்றுக்கு 25 பங்கை வங்கி கழிக்கிறது எனின், எடுக்கத்தக்கது 6 லட்சமே. சரக்குக் கணக்கைக் காலத்தே அனுப்பாத சங்கம் உச்சவரம்பு இருந்தும் பணமின்றித் தவிக்க நேரும்.

3. காசோலை எழுதுதல்

காசோலைக்கு உரியவர் மூவர். கையொப்பமிடுபவர் ‘டிராயர்’, பணம் கொடுக்கும் வங்கி ‘டிராயீ’, பணம் பெறுபவர் ‘பேயீ’. காசோலை திரும்பி வருங்கால் ‘ரெஃபர் டு டிராயர்’ என்னும் குறிப்பு இருப்பின், ‘எழுதியவரையே கேள்’ என்பது பொருள், இழுப்பறையில் தேடுவதன்று.

1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், 1989 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 138ஆம் பிரிவை யாவரும் அறிதல் வேண்டும். கடனுக்காகக் கொடுத்த காசோலை போதிய பணமின்றித் திரும்பினால், பெறுபவர் அச்செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பலாம். அதனைப் பெற்ற 15 நாட்களுக்குள் எழுதியவர் பணம் செலுத்தாவிடில் அது குற்றமாகும். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

‘தொகையை நான் எழுதவில்லையே, வெற்றுத் தாளில் கையொப்பம் மட்டுமே இட்டேன்’ என்று கூறித் தப்ப இயலுமா? விரும்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும், கடனைத் தீர்க்கக் கொடுத்ததாகவே கருதப்படும் என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் சுமை கையொப்பமிட்டவரைச் சார்ந்தது. நூல் வியாபாரியிடமோ உரக்கடையிலோ வெற்றுக் காசோலையை ஈடாகக் கொடுக்கும் வழக்கத்தை இன்றே கைவிடுக.

4. சங்கமும் வங்கியும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பெயரில் ‘வங்கி’ என்னும் சொல்லை வழங்காமலும், காசோலைக்கு ‘டிராயீ’ ஆகாமலும் இருந்தால்தான் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறும் என 2020ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஆதலின் சங்கத்தில் பணமெடுக்க நிரப்பும் தாள் ‘வித்டிராயல்’ படிவமே, காசோலை அன்று. அதனைப் பிறருக்குக் கடனுக்காகக் கொடுத்தல் பயன்தராது.

பயிற்சி

பின்வருவனவற்றின் பொருளைத் தமிழில் எழுதுக: டிராயிங் பவர், ஓவர்டிரா, டிராயீ, ரெஃபர் டு டிராயர். விடைகளை மேலே கண்ட பாடத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க. எழுத்தறிந்த அங்கத்தினர் இப்பாடத்தை அண்டை வீட்டாருக்கும் படித்துக் காட்டுவாராக.