இரண்டு சரணாலயங்களுக்கு நடுவே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்கத்தாவின் ஜாதவ்பூரில் பொறியியல் படித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரும் கையுமாகச் சுற்றுகிறாய், வரும் ஜனவரியில் சைக்கிளிலேயே பூர்பஸ்தலி வரை போய்வரப் போகிறாய் என்று படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. எந்த சைக்கிள் நல்லது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் மிதிக்கலாம், எந்தெந்தச் சரணாலயங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். சைக்கிளும் பறவையுமாகத் திரியும் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய வரைபடத்தில் பறவைகளுக்குப் பெயர் போன நரேந்திரபூர், சாந்த்ராகாச்சி, பூர்பஸ்தலி மூன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறாய். அவற்றை இணைக்கும் பாதையைப் பென்சிலால் மெல்லக் கோடு கிழித்து விட்டுவிட்டாய். எனக்கு அந்தப் பென்சில் கோட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். வட்டத்துக்குள் இருக்கும் பறவைகளைப் பார்க்க ரயிலில் போகலாம், காரில் போகலாம். அங்கே எண்ணிக் குறிப்பவர்களும் ஏற்கனவே இருக்கிறார்கள். கோட்டின் மேல் கிடக்கிற மீன்குளம், நாற்று நட்ட வயல், செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம், சாலையோரக் குட்டை ஆகியவற்றின் முன்னால் நின்று பார்த்து எழுத ஆளில்லை. காரில் போகிறவன் நிறுத்த மாட்டான். நடந்து போகிறவனால் அவ்வளவு தூரம் போக முடியாது. சைக்கிளில் போகிற உன்னால் முடியும். உன் பயணத்தின் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

இதை உன் ஊரிலிருந்தே விளக்குகிறேன். ஜாதவ்பூரிலிருந்து பைபாஸைத் தாண்டிக் கிழக்கே கொஞ்ச நேரம் மிதித்தால் சௌபாகா பக்கம் மீன்குளங்கள் தொடங்கிவிடும். அங்கே அவற்றை ‘பேரி’ என்பார்கள். கல்கத்தாவின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே வந்து இந்த ஆழமில்லாத குளங்களில் தேங்குகிறது. வெயிலும் பாசியும் சேர்ந்து அதைச் சுத்தம் செய்கின்றன, அதிலேயே மீன் வளர்கிறது, வெளியேறும் நீர் வயலுக்குப் போகிறது. 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் கிழக்குக் கல்கத்தா சதுப்புநிலத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ். அவரும் உன்னைப் போல் பொறியியல் படித்தவர். நகரத்தின் சாக்கடை கடைசியில் எங்கே போகிறது என்று தேடிப் போய், குளம் குளமாகப் பார்த்து, மீன் வளர்ப்பவர்களிடம் பாடம் கேட்டு, வரைபடம் போட்டார். 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்த நிலத்தைக் காக்க ஆணையிட்டதற்கும், 2002-இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததற்கும் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

எழுதிவைத்த கணக்கும் வரைபடமும் இல்லாத நிலத்துக்கு என்ன ஆகும் என்பதையும் பக்கத்திலேயே பார்க்கலாம். இன்று சால்ட் லேக் என்று நாம் சொல்லும் பிதான்நகர் ஒரு காலத்தில் உண்மையாகவே உப்பேரிப் பரப்பு. 1962-இல் ஹூக்ளி ஆற்றின் மணலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி அதை மேடாக்கத் தொடங்கினார்கள். அங்கே குளிர்காலம் கழித்த வாத்துகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாட்களில் யாரோ சிலர் பொறுப்பாகக் குறித்துவைத்த அளவுக்குத்தான். மீதி போனது போனதுதான்.

இப்படிப் பார்த்து எழுதிவைப்பதில் தமிழர்களில் நமக்கு முன்னோடி மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். யானையையும் புலியையும் அவர் எழுதியது உண்மை. ஆனால் காக்கை, மைனா, அணில் என்று கண்ணெதிரே இருப்பவற்றை அதே அக்கறையோடு எழுதியதால்தான் அந்தப் பத்தி அத்தனை காலம் நின்றது. நீ படிக்கிற ஊரின் வாசகர்கள் இரண்டு தலைமுறையாக ஒரு தமிழரின் கண்ணால் பறவை பார்த்திருக்கிறார்கள். அந்த உரிமையோடு நீ உன் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கலாம்.

இனி வழிமுறை. ஜாதவ்பூரிலிருந்து பூர்பஸ்தலி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்து. நல்ல இடமா, பறவை இருக்குமா என்று பார்க்காதே. அந்த இடத்துக்கு மிக அருகில் உள்ள நீர்நிலைக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் நில். நீரே இல்லாத கடைத்தெருவாக இருந்தால் அங்கேயே நின்று காக்கையையும் மைனாவையும் எண்ணு. நமக்குப் பிடித்த இடத்தில் மட்டும் நின்றால் ஊரெல்லாம் பறவையாக இருப்பது போல ஒரு பொய்க் கணக்குதான் கிடைக்கும். நிறுத்தத்தை தூரமே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரம், இடம், நீர் இருந்த நிலை, பறவைகளின் எண்ணிக்கை நான்கையும் எழுது. ஒன்றுமே இல்லையென்றால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுது. அந்த வரிக்கும் மதிப்பு உண்டு. அடுத்த ஜனவரியில் அதே நிறுத்தத்தில், அதே மணிக்கு, அதே பதினைந்து நிமிடம் நின்றால்தான் முதல் வருடத்துக் கணக்கு பேச ஆரம்பிக்கும்.

‘நீர் இருந்த நிலை’ என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? குளிர்காலத்தில் பேரிகளை ஒவ்வொன்றாக வடித்துச் சேறு வாருவார்கள். நீர் முழங்கால் அளவுக்கு இறங்கும்போது ஆட்கள் இறங்கி வலை இழுப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே கொக்குகள் வரிசை கட்டும், நீர்க்காகங்கள் கரையில் இறக்கை விரித்துக் காத்திருக்கும். நீர் முற்றும் வடிந்து சேறு தெரிந்ததும் உள்ளான்களும் வாலாட்டிகளும் வந்து இறங்கும். மேலே சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வட்டமிடும். சில நாளில் சேறு காய்ந்து வெடித்ததும் அத்தனையும் அடுத்த குளத்துக்குப் போய்விடும். எந்தக் குளம் எப்போது வடிந்தது என்று தெரியாமல் அங்கே எத்தனை உள்ளான் என்று மட்டும் எழுதினால் அது பாதிக் கணக்கு. அதைச் சொல்லக்கூடியவர் கரையில் வலை உதறிக்கொண்டிருக்கும் பெரியவர். ‘காகு’ (சித்தப்பா) என்று கூப்பிட்டுப் பேச்சுக் கொடு. உன் வங்காளம் தடுமாறினாலும் அவர் பொறுத்துக்கொள்வார். பறவைக்கு அவர் சொல்லும் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்.

சைக்கிளில் போகிறவனுக்குப் பறவை ஒரு சலுகை கொடுக்கும். பால்காரரும் மீன்காரரும் சைக்கிளில் போவதைத் தினமும் பார்த்துப் பழகியதால், ஓடுகிற சைக்கிளைக் கண்டு அது எழும்பாது. நீ பிரேக் பிடித்துக் கால் ஊன்றுகிற நொடியில்தான் எழும்பும். ஆகவே நேர் எதிரே நிறுத்தாதே. கடந்து போய், ஒரு மரத்தருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கரையோரமாக நடந்து திரும்பி வா.

பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். மிதித்து மூச்சு வாங்கும்போது கை நடுங்கும், பத்து மடங்கில் அந்த நடுக்கமும் பெரிதாகும். பையில் போடாமல் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொள். பேனா வேண்டாம், பென்சில் எடு. பனி ஈரத்தில் மை ஊறிவிடும். வாத்துக் கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார். பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துக் கொண்டே போ. இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை. இரண்டு கணக்கும் வெகுவாக மாறுபட்டால் மூன்றாவது முறையும் எண்ணு.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். விலை உயர்ந்தது வேண்டாம். மாநில அரசு ‘சபுஜ் சாதி’ திட்டத்தில் 2015 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்து வருவதால் கிராமம் கிராமமாக சைக்கிள் ஓடுகிறது, சிறு கடைத்தெருவிலும் பஞ்சர் ஒட்டுபவர் இருப்பார். அவரிடம் கிடைக்கும் டயர் அளவுள்ள சைக்கிளாகப் பார்த்து எடு. கல்கத்தாவுக்குள் பல பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தடை உண்டு. பலகை பார்த்து, விடிவதற்குள் உள்தெருக்கள் வழியாக நகரைத் தாண்டிவிடு.

ஒரே நாளில் பூர்பஸ்தலியை எட்ட நினைக்காதே. பாரக்பூர் சாலையில் வடக்கே போய், நைஹாட்டியில் படகேறிச் சுஞ்சுராவில் இறங்கி முதல் இரவு தங்கு. படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். இரண்டாம் நாள் படகு கட்டுவதற்குப் பெயர் போன பலாகர் வழியாகக் கால்னா. மூன்றாம் நாள் பூர்பஸ்தலி. ஜனவரியில் காற்று வடக்கிலிருந்து வரும், போகும்போது முழுக்க முகத்தில் அடிக்கும். திரும்பும்போது அதே காற்று உன்னைத் தள்ளிக்கொண்டு வரும். பொழுதையும் கணக்கில் வை. ஜனவரி தொடக்கத்தில் அங்கே ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும் என்று நம்பிக் கிளம்பினால் மணல் லாரிகளுக்கு நடுவே இருட்டில் மாட்டிக்கொள்வாய். மூடுபனி விலகும்வரை பெருஞ்சாலையில் ஏறாதே. முன்னும் பின்னும் விளக்கு, உடம்பில் ஒளியைப் பிரதிபலிக்கும் சட்டை இரண்டும் கட்டாயம். கரையில் இறங்கும்போது மட்டும் அந்தச் சட்டையைக் கழற்றிப் பையில் வை.

வழியில் பேரீச்ச மரங்களில் பானை கட்டியிருப்பதைப் பார்ப்பாய். விடியற்காலையில் இறக்கிய பச்சைச் சாறை அன்போடு நீட்டுவார்கள். குடிக்காதே. இரவில் வௌவால் வாய்வைத்த பானையிலிருந்து நிபா கிருமி வரக்கூடும். 2001-இல் சிலிகுரியிலும் 2007-இல் நதியா மாவட்டத்திலும் நிபா உயிர்களைப் பறித்திருக்கிறது. அந்தச் சாற்றைக் காய்ச்சி எடுத்த நோலன் குர் வெல்லத்தை வேண்டுமளவு தின்னு. மிதிக்கிறவனுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

நீ வட்டமிட்ட மூன்று இடங்களையும் நான் ஒதுக்கச் சொல்லவில்லை. நரேந்திரபூரில் இருப்பது பழைய பழத்தோட்டம். ஊரெல்லாம் கட்டடமாகிவரும்போது அதைக் காப்பாற்றப் போராடியவர் பக்கத்திலேயே வாழ்ந்த சிற்பி சிந்தாமணி கர். 1948 லண்டன் ஒலிம்பிக்கின் கலைப் போட்டியில் சிற்பத்துக்காக வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். இன்று அந்தச் சரணாலயம் அவர் பெயரில் இருக்கிறது. மரகதப்புறாவை அங்கே பொறுமையாகத் தேடு. சாந்த்ராகாச்சி ஏரி ஹவுராவில், ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. அதைத் தனி ஞாயிறாக வைத்துக்கொள். வித்யாசாகர் சேதுவில் சைக்கிள் விடமாட்டார்கள், ஹவுரா பாலம் வழியாகச் சுற்றிப் போ. ஆகாயத்தாமரைத் திட்டுகளில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் சீழ்க்கைச்சிரவிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு ஊசிவால் வாத்து இருந்தாலும் இருக்கும், எண்ணிப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பூர்பஸ்தலியில் பாகீரதி திசை மாறி விட்டுச்சென்ற வளைந்த ஏரியில், செந்தலையும் சிவந்த அலகும் கொண்ட போச்சார்டு வாத்துகளைத் துடுப்புப் படகில் போய்ப் பார்ப்பாய். படகுக்காரர் கேட்கும் கூலியைக் கொடு. கூட்டத்துக்குள் படகை விடச் சொல்லி அவரை வற்புறுத்தாதே. படத்துக்காக எழுப்பிவிடப்பட்ட வாத்து, இமயத்தைத் தாண்டித் திரும்பிப் போகச் சேர்த்துவைக்கும் கொழுப்பைத்தான் செலவழிக்கிறது.

1926-இல் கல்கத்தாவிலிருந்து சைக்கிளில் கிளம்பிய பிமல் முகர்ஜி உலகைச் சுற்றி 1937-இல் வீடு திரும்பினார். தூரத்தை அளந்து பெருமைப்பட அந்த ஊருக்கு அவர் போதும். உனக்கு வேறு வேலை இருக்கிறது. ஊர் திரும்பியதும் குறிப்புகளைச் சும்மா வைத்திருக்காதே. ஈ-பேர்ட் இணையதளத்தில் நிறுத்தம் நிறுத்தமாக ஏற்று. 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் உள்ளூர்க் குழுவோடு சேர்ந்துகொள். பட்டியலில் இல்லாத குளங்களை அவர்களுக்குக் காட்டு. நாளைக்கு அந்தக் குளங்களில் ஒன்றை மேடாக்க லாரி வரும்போது, இங்கே இத்தனை பறவை இருந்தது என்று சொல்ல யாருக்காவது ஓர் எழுத்து ஆதாரம் வேண்டியிருக்கும். துருபஜோதி கோஷின் வரைபடம் அப்படித்தான் பயன்பட்டது.

அடுத்த ஜனவரியையும் இப்போதே நாட்காட்டியில் குறித்து வைத்துவிட்டுக் கிளம்பு. திரும்பியதும் வழி நிறுத்தங்களின் கணக்கை முதலில் எனக்கு அனுப்பு. சரணாலயத்தில் பார்த்ததைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்