அறைக்குள் ஓர் உடற்பயிற்சிக் கூடம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் பெரியோர். நண்பர்களே, பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, இரவெல்லாம் புத்தகத்தின்மேல் குனிந்திருக்கும் நம் சுவர் எந்நிலையில் இருக்கிறது? வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது 2 நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. முன்னதற்கு நடையே போதும். பின்னதற்கு என்ன செய்வது? ஊரைவிட்டு வந்து, பெங்களூரில் மூவர் ஓர் அறையில் வாழும் நாம், உதவித்தொகையில் மிஞ்சும் சிறு பணத்தில் எந்தக் கருவியை வாங்குவது? பௌதிகம் பயிலும் நான் இதற்குச் சில கணக்குகள் போட்டுப் பார்த்தேன்.

இவ்வூருக்கு இக்கேள்வி புதிதன்று. 'கரடி மனை' என்றால் நமக்கு விலங்குதான் நினைவுக்கு வரும். கன்னடத்திலோ அது மற்பயிற்சிக் கூடம். இங்கே ஹெர்குலிஸ் ஜிம்னாசியத்தை நடத்திய கே. வி. ஐயர் (1897–1980), 1930-இல் 'மஸில் கல்ட்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். எடைப் பயிற்சியோடு ஆசனங்களையும் சூரிய நமஸ்காரத்தையும் இணைத்தார். வெளியூர்க்காரர் தம் வீட்டிலேயே பயிலும்படி அஞ்சல்வழியும் கற்பித்தார். விலையுயர்ந்த பொறிகள் இல்லாமலே வீட்டில் உடலை வளர்க்கலாம் என்பதற்கு அவரே சான்று.

இனி, தெரிவுக்கான விதிகளைக் காண்போம்.

முதலாவது, சிறிது சிறிதாக எடை கூட்ட இயல வேண்டும். நம் சிற்றூர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லை நினையுங்கள். அதன் எடை என்றும் ஒன்றே. ஆகவே அது வலிமையைச் சோதிக்கும், வளர்க்காது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் செய்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டெலார்ம், ஒருவர் 10 முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையைக் கண்டறிந்து, வலிமை ஏற ஏற எடையையும் ஏற்றினார். 1945-இல் அம்முறையை வெளியிட்டார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதே அதன் சாரம். எனவே தட்டுகளைக் கழற்றி மாட்டத்தக்க ஓர் இணை டம்பெல், மாறாத எடையுள்ள பல இணைகளுக்கு ஈடாகும்.

இரண்டாவது, எடையை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. அது உடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் தோளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே 60 செ.மீ. என்று கொள்வோம். 5 கிலோ டம்பெலுக்கு 5 × 0.6 = 3. இப்போது 3 கிலோ கர்லாக்கட்டையைக் கையின் நேர்க்கோட்டில் நீட்டிப் பிடியுங்கள். அதன் ஈர்ப்பு மையம் உள்ளங்கைக்கு அப்பால் 40 செ.மீ. எனில், 3 × 1 = 3. தோளுக்கு இரண்டும் ஒரே சுமை! மணிக்கட்டுக்கோ கர்லாக்கட்டையே பெருஞ்சுமை. புதியவர் சிறிய கட்டையில் தொடங்க வேண்டியது இதனால்தான்.

மூன்றாவது, இடம். தோளின் உயரம் 140 செ.மீ., கை 60, கட்டை 70 எனில், தலைக்குமேல் சுழலும்போது அதன் நுனி 270 செ.மீ. உயரத்தைத் தொடும். மின்விசிறி தொங்கும் அறையில் இது ஆகாது. மொட்டை மாடியே தக்க இடம். டம்பெலைத் தரையில் போடாமல் மெல்ல வைப்பது கீழ்வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை.

அப்படியானால் முதலில் எதை வாங்குவது? தள்ளும் வேலைக்குத் தண்டால் உண்டு. கால்களுக்குப் பஸ்கி உண்டு. இரண்டிற்கும் காசு வேண்டாம். ஆனால் வெறுந்தரையில் கிடைக்காதது, எதையேனும் நம்மை நோக்கி இழுக்கும் பயிற்சி. குனிந்தே படிக்கும் நம் முதுகுக்கு மிக வேண்டியதும் அதுவே. ஆகையால் முதற்செலவு, உறுதியாகப் பொருத்திய ஒரு தொங்கு கம்பிக்கோ ரப்பர் பட்டைக்கோ ஆகட்டும். மூன்று மாதம் இடைவிடாமல் பயின்றபின் டம்பெல் வாங்கலாம். ஓடுபொறியை வாங்கவே வேண்டாம். அந்த வேலைக்குக் கப்பன் பூங்கா இருக்கிறது.

ஓர் அறையில் மூவர் இருப்பது குறையன்று. ஒரு கம்பி, ஓர் இணை டம்பெல், மூன்று பங்கு செலவு. ஒருவர் பயில, மற்றவர் எண்ண, மூன்றாமவர் இளைப்பாறலாம். இன்று மாலையே தண்டாலில் தொடங்குங்கள், தோழர்களே!