தயிரும் கடலைமாவும்

பஞ்சாபில் பலரும் விரும்பி உண்ணும் குழம்பு ஒன்று உண்டு. அதனைக் 'கடி' என்று வழங்குவர். நம் மோர்க்குழம்புக்கு அஃது உறவுடையது. புளித்த தயிரில் கடலைப்பருப்பு மாவைக் கரைத்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து நெடுநேரம் கொதிக்க வைப்பர். மாவு கலந்திருத்தலின் தயிர் எளிதில் திரிவதில்லை. வெங்காயம் கலந்த அம்மாவையே எண்ணெயிற் பொரித்துப் பகோடாக்களாக்கி அக்குழம்பில் இடுவர். பின்னர்ச் சீரகமும் வெந்தயமும் மிளகாயும் தாளித்துக் கொட்டிச் சோற்றுடன் உண்பர். மிகப் புளித்தது என்று பிறர் ஒதுக்கும் தயிரே இதற்கு ஏற்றதாம்.

மாணவர்களே! இவ்வெளிய உணவில் அமைந்த பொருத்தத்தை நோக்குங்கள். உடல் வளர்ச்சிக்குப் புரதம் இன்றியமையாதது. அப்புரதம் பலவகை அமினோ அமிலங்களால் ஆயது. அரிசிப் புரதத்தில் லைசின் என்பது குறைவு. கடலையில் அது மிகுதி. கடலையிற் குறைந்துள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. 100 கிராம் கடலைமாவில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உளது. தயிரோ நிறைவான புரதத்துடன், எலும்பையும் பல்லையும் உறுதி செய்யும் சுண்ணாம்புச் சத்தையும் தருவது. கொதிக்கும்போது தயிரிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். ஆயினும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அழிவதில்லை.

குணத்தைக் கூறியவிடத்துக் குற்றத்தையும் கூறுதல் முறையன்றோ? பகோடா எண்ணெயை உறிஞ்சும் இயல்புடையது. ஒரு கிராம் புரதம் 4 கலோரி வெப்பம் தர, ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தருகின்றது. சிறுவர் சிலர் பகோடாக்களை மட்டும் பொறுக்கி உண்டு, குழம்பைக் கலத்திலேயே விட்டு எழுவர். அவர்கள் எண்ணெயை மிகுதியாகக் கொண்டு, தயிரின் பயனை இழந்தவராவர். ஆதலின் பகோடா சிலவும் குழம்பு மிகுதியுமாக உண்பதே நன்று. இவ்வுணவில் 'சி' வைட்டமின் மிகக் குறைவு. நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ உடன் கொண்டால் அக்குறையும் நீங்கும்.

தமிழில் 'கடி' என்னும் உரிச்சொல் பல பொருள் உணர்த்துவது. காப்பு என்பது அவற்றுள் ஒன்று. வேற்றுமொழியில் வழங்கும் இக்குழம்பின் பெயர்க்கும் அச்சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும், அளவறிந்து உண்பார்க்கு இக்கடியும் உடலுக்கு ஒரு காப்பே ஆகும்.